படிவம் 2: ஒரு விண்ணப்பத்தைப் படித்துப் பார்க்கிறேன்

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் கீரனூரிலிருந்து போன். எங்கள் தெருவில் இரண்டு வீடு தள்ளி இருந்த அக்கா. வெளியூரில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். இப்போது மகனோடு அம்மா வீட்டுக்கு வந்துவிட்டார். அடி, குடி, நகை அடகு எல்லாம் தெரிந்த கதைதான். புதிதாக ஒன்று சேர்ந்திருந்தது. வீட்டுக்காரர் வாரத்துக்கு இரண்டு தடவை பஸ் ஏறி வந்து, அக்கா வேலை பார்க்கிற ஜவுளிக்கடை வாசலில் நின்று சத்தம் போடுகிறார்.

"தம்பி, நீ கம்ப்யூட்டர்ல என்னென்னமோ படிக்கிறியே, ஒண்ணு மட்டும் சொல்லு. கேஸ் குடுத்தா அவரை உள்ள வச்சிருவாங்களா? வேலை போயிருமா? எனக்கு அது வேணாம்ப்பா. அந்த ஆளு இங்க வரக்கூடாது. அவ்ளோதான்."

அந்தக் கடைசி இரண்டு வாக்கியத்துக்குத்தான் இந்த நாட்டில் ஒரு தனிச் சட்டமே இருக்கிறது. அது அக்காவுக்குத் தெரியவில்லை. அவர் முதலில் போன, வேறொரு ஊர்க் காவல் நிலையத்திலும் யாரும் சொல்லவில்லை. "குடும்ப விஷயம், பேசி முடிச்சுக்கோங்க" என்று அனுப்பிவிட்டார்கள். எனக்கும் தெரியாது என்பதைச் சொல்லிவிடுகிறேன். அன்று ராத்திரி உட்கார்ந்து சட்டத்தையும் விதிகளையும் தீர்ப்புகளையும் படிக்க ஆரம்பித்தேன். அந்தக் குறிப்புகள்தான் இந்தப் பதிவு.

நான் வக்கீல் இல்லை. பி.ஈ. முடித்து இருபது வருஷமாக மென்பொருள் எழுதுகிறவன். என் பிழைப்பில் பாதி, படிவம் செய்வது. எந்தக் கட்டத்தில் பயனர் திணறுவார், எந்த வார்த்தையைப் பார்த்துப் பயந்து மூடிவிட்டுப் போவார் என்று யோசிப்பதற்குத்தான் சம்பளம். அதனால் இந்தச் சட்டத்தை அதன் படிவத்தின் வழியாகப் படித்தேன். இதை ஒரு மதிப்புரை என்றே வைத்துக்கொள்ளுங்கள். (அக்காவை அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

சட்டம் என்ன கொடுக்கிறது

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2005. அமலுக்கு வந்தது 2006 அக்டோபர் 26. அதற்கு முன்னால் அடி வாங்குகிற பெண்ணுக்கு முக்கியமாக இரண்டு கதவுகள். ஒன்று கிரிமினல் கதவு, அதாவது பழைய 498ஏ. (இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் பிரிவு 85.) அதைத் திறந்தால் கைது, ஜாமீன், குற்றப்பத்திரிகை. இன்னொன்று விவாகரத்துக் கதவு. "புருஷன் ஜெயிலுக்கும் போக வேண்டாம், கல்யாணமும் இப்போதைக்கு முறிய வேண்டாம், என்னை நிம்மதியாக விட்டால் போதும்" என்கிறவருக்கு இரண்டுமே சரிப்படாது.

2005 சட்டம் மூன்றாவது கதவு. அடிப்படையில் அது ஒரு சிவில் நிவாரணம். பிரிவு 18-ன் கீழ் பாதுகாப்பு உத்தரவு: அடிக்காதே, வேலை செய்யும் இடத்துக்கு வராதே, போன் பண்ணாதே, அவளுடைய அம்மாவையும் உறவுக்காரர்களையும் தொந்தரவு செய்யாதே, கூட்டுச் சொத்தை விற்காதே. பிரிவு 19-ல் குடியிருக்கும் உரிமை, சீதனத்தைத் திருப்பித் தரச் சொல்வது. 20-ல் பணம், 21-ல் பிள்ளையின் தற்காலிகப் பொறுப்பு, 22-ல் இழப்பீடு. இதையெல்லாம் கேட்டு மனுப் போட்டால் எதிர்த்தரப்பு குற்றவாளி ஆகிவிடுவதில்லை. அவர் பெயர் 'எதிர்மனுதாரர்', அவ்வளவுதான். உத்தரவு வந்த பிறகு அதை மீறினால்தான் பிரிவு 31 வருகிறது. அதில் ஒரு வருஷம் வரை சிறை, இருபதாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

அதாவது அக்கா கேட்டது அப்படியே சட்டத்தில் இருக்கிறது. கதவுக்கு மேலே மாட்டியிருக்கிற போர்டுதான் பிரச்சினை.

மனுவைக் கொடுக்க வேண்டியது மாஜிஸ்திரேட்டிடம். மாஜிஸ்திரேட் என்றால் நம் ஊரில் என்ன அர்த்தம்? திருட்டு கேஸ், அடிதடி கேஸ், ரிமாண்ட். எங்கள் ஊர் கோர்ட்டின் பெயர் தீர்ப்புகளில் 'மாவட்ட முன்சீஃப் கம் ஜுடீஷியல் மாஜிஸ்திரேட்' என்று வரும். வரப்புத் தகராறும் அங்கேதான், வழிப்பறியும் அங்கேதான். ஒரே நீதிபதி, இரண்டு தொப்பி. இந்தச் சட்டமும் அப்படிப்பட்டதே. உள்ளே சிவில், வெளியே கிரிமினல். சின்ன ஊர்க் கோர்ட்டு வரைக்கும் போய்ச் சேர வேண்டும், சீக்கிரம் உத்தரவு வர வேண்டும், மீறினால் போலீஸ் பிடிக்க வேண்டும் என்று பார்த்தால் மாஜிஸ்திரேட்டைத் தேர்ந்தெடுத்ததில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தத் தேர்வின் விலையை, படியேறத் தயங்கி நிற்கிற பெண்தான் கட்டுகிறார்.

படிவத்துக்கு வருவோம்

2006-ல் வந்த விதிகளின் பின்னிணைப்பில் ஏழு படிவங்கள் உண்டு. நமக்கு முக்கியம் நான்கு. படிவம் 1, பாதுகாப்பு அலுவலர் எழுதும் குடும்ப நிகழ்வு அறிக்கை. படிவம் 2, பிரிவு 12-ன் கீழ் கோர்ட்டுக்குக் கொடுக்கும் விண்ணப்பம். படிவம் 3, உடனடி இடைக்கால உத்தரவு கேட்கும்போது கூட வைக்கும் பிரமாணப் பத்திரம். படிவம் 4, பாதிக்கப்பட்டவருக்கு அவருடைய உரிமைகளைச் சொல்லும் தாள்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். படிவம் 2-ன் நடுப்பகுதி அருமை. என்னென்ன கேட்கலாம் என்று வரிசையாகப் பட்டியல் போட்டிருக்கிறது. பெண் வேலைக்குப் போவதைத் தடுக்கக்கூடாது, பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்கு வரக்கூடாது, கூட்டு வங்கிக் கணக்கைத் தொடக்கூடாது என்றெல்லாம் வாழ்க்கையை நேரில் பார்த்தவர்கள் எழுதிய வரிகள். அக்காவுக்குப் போனில் ஒவ்வொன்றாகப் படித்துச் சொன்னேன். மூன்றாவது வரியில், "இதெல்லாம்கூட கேக்கலாமா?" என்றார். வக்கீல் வைக்காமலே ஒருவருக்குத் தன் உரிமை தெரியவருகிறது என்றால், அந்தப் படிவம் பாதி ஜெயித்துவிட்டது.

தோற்கிற பாதி இது.

முதல் குறை, முதல் வரியிலேயே. குடும்ப நிகழ்வு அறிக்கையின் நகலோடு இந்த விண்ணப்பம் தாக்கல் செய்யப்படுகிறது என்றுதான் படிவம் ஆரம்பிக்கிறது. படிக்கிறவர் என்ன நினைப்பார்? அந்த அறிக்கை இல்லாமல் கோர்ட்டுக்குள் போக முடியாது என்றுதான். அறிக்கை வேண்டுமென்றால் பாதுகாப்பு அலுவலரைப் பார்க்க வேண்டும். அவர் மாவட்டத் தலைநகரில் சமூக நலத்துறையில் இருப்பார். கீரனூரிலிருந்து புதுக்கோட்டைக்கு ஒரு நாள் லீவு, பஸ் காசு. சட்டம் உண்மையில் அப்படிச் சொல்லவில்லை. பாதிக்கப்பட்டவர் நேராகவே மனுப் போடலாம். அறிக்கை வந்திருந்தால் மாஜிஸ்திரேட் அதைப் பார்க்க வேண்டும். வராவிட்டால் மனுவைத் திருப்பக்கூடாது. பிரபா தியாகி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2022 மே மாதம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. சட்டம் அமலுக்கு வந்து பதினைந்து வருஷத்துக்கு மேல் கழித்து, நாட்டின் உச்சக் கோர்ட்டு வந்து சொல்ல வேண்டியிருந்த விஷயம் இது. படிவத்தின் முதல் வரியில் 'இருந்தால்' என்று ஒரு வார்த்தை சேர்த்திருந்தால் குழப்பத்தில் பாதி குறைந்திருக்கும்.

இரண்டாவது குறை, வார்த்தை. கோர்ட்டு இந்தப் 'புகாரை' விசாரணைக்கு 'எடுத்துக்கொள்ள' வேண்டும் என்று படிவம் வேண்டுகிறது. இரண்டும் கிரிமினல் நடைமுறையின் வார்த்தைகள். சட்டத்தின் பிரிவு 12 பேசுவது 'விண்ணப்பம்' பற்றி. ஆனால் சட்டத்தோடு பிறந்த படிவமே அதைப் புகார் என்று கூப்பிடுகிறது. இதை வார்த்தைச் சண்டை என்று நினைக்க வேண்டாம். புகார் என்றால் எதிரே இருப்பவர் குற்றம் சாட்டப்பட்டவர். அவருக்குச் சம்மன் போகும், வராவிட்டால் வாரண்ட் வரும். அவரும் பயந்துபோய், கேஸை ரத்து செய்யுங்கள் என்று மேல் கோர்ட்டுக்கு ஓடுவார். அங்கே தடை வாங்கிவிட்டால் கீழே அந்தப் பெண் காத்துக்கிடப்பார். தமிழ்நாட்டில் இப்படி ரத்து கேட்டு உயர் நீதிமன்றத்துக்கு ஏகப்பட்ட மனுக்கள் போயின.

அதைச் சரிசெய்ய முயன்றது டாக்டர் பி. பத்மநாதன் எதிர் மோனிகா வழக்கின் தீர்ப்பு. 2021 ஜனவரி 18, சென்னை உயர் நீதிமன்றம், நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ். பிரிவு 12 மனு என்பது புகார் இல்லை. எதிர்மனுதாரரைக் குற்றம் சாட்டப்பட்டவர்போல் நினைத்துச் சம்மன் அனுப்பக்கூடாது, படிவம் 7-ல் உள்ள நோட்டீஸ்தான் போக வேண்டும். வக்கீல் வந்தால் போதும், ஒவ்வொரு வாய்தாவுக்கும் நேரில் வரச் சொல்ல வேண்டியதில்லை. வீட்டில் இருக்கிற நண்டு சிண்டு எல்லாரையும் எதிர்மனுதாரராகச் சேர்த்திருந்தால், சம்பந்தம் இருக்கிறதா என்று மாஜிஸ்திரேட் யோசித்துத்தான் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த தீர்ப்பு. ஒரு பழைய நிரலைத் திறந்து, எந்த வரியில் கோளாறு என்று விரல் வைத்துக் காட்டுகிற மாதிரி இருக்கும்.

பிறகு 2022 நவம்பரில் அருள் டேனியல் வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வும் இது சிவில் தன்மையுள்ளது என்று உறுதிசெய்தது. ரத்து மனுவை கிரிமினல் நடைமுறையின் 482-ல் கொண்டுவர முடியாது என்றது. 2025 மே 19 அன்று சௌரப் குமார் திரிபாதி வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தக் கதவை மறுபடி கொஞ்சம் திறந்தது. உயர் நீதிமன்றத்துக்கு ரத்து செய்யும் அதிகாரம் உண்டு, ஆனால் இது பெண்களுக்கான நலச் சட்டம், அதனால் மிகவும் நிதானத்தோடு கை வைக்க வேண்டும் என்றது. ஆக, இந்த மனு எந்த வகை என்பதையே 2025 வரை பேசிக்கொண்டிருந்திருக்கிறோம். ஜவுளிக்கடையில் நிற்கிற அக்காவுக்கு எப்படித் தெரியும்?

மூன்றாவது குறையைப் பார்த்து நான் சிரித்துவிட்டேன். பாதுகாப்பு உத்தரவு கேட்கும் இடத்தில், 'விண்ணப்பத்தின் 4-வது பத்தியில் சொன்ன செயல்களைத் திரும்பச் செய்யக்கூடாது' என்கிற பொருளில் ஒரு வரி. சரி என்று 4-க்குப் போனால், அங்கே இருப்பது முந்தைய வழக்குகளின் விவரம்! வன்முறைச் சம்பவங்களைக் கேட்கும் 4, படிவம் 1-ல் இருக்கிறது. ஒரு படிவத்துக்காக எழுதிய சுட்டு இன்னொரு படிவத்தில் தவறான இடத்துக்குக் கூட்டிப்போகிறது. எங்கள் தொழிலில் இதற்கு 'உடைந்த லிங்க்' என்று பெயர். விளைவு சிரிப்பானதில்லை. என்ன நடந்தது என்று சொந்த வார்த்தையில் எழுத படிவம் 2-ல் சரியான இடமே இல்லை. பாதுகாப்பு அலுவலரின் அறிக்கை இல்லாமல் நேராக வருகிறவருக்கு, கதை சொல்ல இடம் கிடையாது, கோரிக்கை வைக்க மட்டும் இடம் உண்டு. நல்ல வக்கீல் தனித்தாளில் எழுதி இணைத்துவிடுவார். வக்கீல் இல்லாதவர்?

இதற்கு நேர்மாறாக படிவம் 4-ஐப் பாருங்கள். அது 'நீங்கள்' என்று பேசுகிறது. வீட்டில் உங்களை அடித்தால், மிரட்டினால் அது குடும்ப வன்முறை, உங்களுக்கு இன்னின்ன உரிமை உண்டு என்று நேராகச் சொல்கிறது. தெரிந்த அக்கா ஒருவர் எழுதிய மாதிரி இருக்கும். அதே பின்னிணைப்பு, அதே வருஷம், ஆனால் வேறு குரல். உரிமையைச் சொல்லும்போது மனுஷியாகத் தெரிந்தவர், அதைக் கேட்கப் போகும்போது கோப்பாக மாறிவிடுகிறார்.

நாள் கணக்கு

சட்டத்தில் மூன்று எண்கள் உண்டு. மனு வந்தால் முதல் விசாரணை வழக்கமாக 3 நாளுக்குள். நோட்டீஸைப் பாதுகாப்பு அலுவலர் 2 நாளுக்குள் சேர்க்க வேண்டும், மாஜிஸ்திரேட் கூடுதல் அவகாசம் தரலாம். முதல் விசாரணையிலிருந்து 60 நாளுக்குள் முடிக்க மாஜிஸ்திரேட் முயல வேண்டும்.

'முயல வேண்டும்' என்ற வார்த்தையைக் கவனியுங்கள். 61-வது நாள் என்ன நடக்கும்? சட்டம் ஒன்றும் சொல்லவில்லை. கெடு இருக்கிறது, கெடு தாண்டினால் என்ன என்பது இல்லை. 2 நாளில் நோட்டீஸ் என்பதும் யாரை நம்பி? 2011 கணக்கெடுப்பில் புதுக்கோட்டை மாவட்ட மக்கள்தொகை 16 லட்சம் சொச்சம். கறம்பக்குடியிலிருந்து மணமேல்குடி வரை ஒரு மாவட்ட அலுவலர் எத்தனை வீட்டுக்குப் போவார்? தாலுகா அளவிலும் பாதுகாப்பு அலுவலர்களை அடையாளம் கண்டு நியமியுங்கள் என்று உச்ச நீதிமன்றம் 2025 மே 20 அன்று மாநிலங்களுக்கு உத்தரவிட்டதிலிருந்தே நிலைமை புரியும்.

இந்த இடைவெளிக்குச் சட்டமே ஒரு வழி வைத்திருக்கிறது. பிரிவு 23. படிவம் 3-ல் பிரமாணப் பத்திரம் கொடுத்தால், முகாந்திரம் இருப்பதாகத் தெரிகிற பட்சத்தில், எதிர்த்தரப்பைக் கேட்காமலே இடைக்கால உத்தரவு போடலாம். என் கணக்கில் சட்டத்தின் உயிரே இங்கேதான். நான் பேசிப் பார்த்தவரை அதிகம் பேருக்குத் தெரியாத பிரிவும் இதுதான்.

"தப்பாப் பயன்படுத்துறாங்களே?"

இதை எழுதப் போகிறேன் என்றதும் அலுவலக நண்பர் கேட்ட முதல் கேள்வி. பொய் மனு இருக்காதா என்றால், இருக்கும். எல்லாச் சட்டத்திலும் இருக்கிறது. ஆனால் பாதுகாப்பு உத்தரவு என்ன சொல்கிறது? அடிக்காதே, கடை வாசலுக்கு வராதே. இதுவரை அடிக்காதவருக்கு, இனிமேலும் அடிக்காதே என்பதால் பெரிய நஷ்டம் இல்லை. வீடு, பணம் சம்பந்தப்பட்ட உத்தரவுகள் அப்படி இல்லை, அவற்றில் நிஜமான நஷ்டம் வரலாம். அதற்குத்தான் நோட்டீஸ், விசாரணை, முப்பது நாளுக்குள் செஷன்ஸ் கோர்ட்டில் அப்பீல் எல்லாம் இருக்கிறது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சிவில் மனுவைக் கிரிமினல் புகார்போல் நடத்தினால் பொய்யாக இழுக்கப்பட்ட மாமியாருக்கும் நாத்தனாருக்கும்கூட அலைச்சல்தான். படிவத்தைத் திருத்தினால் இரண்டு பக்கமும் லாபம்.

அக்காவுக்குச் சொன்னது

மற்றவர்களுக்கும் உதவும் என்பதால் சுருக்கமாக.

எங்கே போடுவது: சம்பவம் நடந்த ஊரில்தான் என்றில்லை. இப்போது தங்கியிருக்கிற ஊரிலேயே போடலாம், தற்காலிகமாகத் தங்கினாலும் சரி, அங்கே வேலை பார்த்தாலும் சரி (பிரிவு 27). கீரனூருக்கு வந்துவிட்டவர் கீரனூரிலேயே கேட்கலாம். உத்தரவு நாடு முழுக்கச் செல்லும்.

யார் போடலாம்: மனைவி மட்டும் இல்லை. அம்மா, அக்கா தங்கை, விதவை மருமகள், திருமணம் போன்ற உறவில் சேர்ந்து வாழ்ந்தவரும். அவருக்காக வேறொருவரும் போடலாம். 2016-லிருந்து பெண்களையும் எதிர்மனுதாரராகச் சேர்க்கலாம்.

தாமதமாகிவிட்டதா: பரவாயில்லை. காமாட்சி எதிர் லட்சுமி நாராயணன் நம் மாநிலத்து வழக்கு. 2008-ல் வீட்டை விட்டு வந்தவர் 2018-ல் மனுப் போட்டார். ஒரு வருஷக் கெடு முடிந்தது என்று உயர் நீதிமன்றம் தள்ளியது. பிரிவு 12 மனுவுக்கு அந்தக் கெடு பொருந்தாது என்று 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

என்ன எடுத்துப் போவது: ஆஸ்பத்திரி சீட்டு, போட்டோ, வாட்ஸ்அப் செய்தி, அடகுக்கடை ரசீது, ரேஷன் கார்டு, கல்யாணப் பத்திரிகை. தேதி வாரியாக ஒரு தாளில் நடந்தது எல்லாம். இந்தத் தாள்தான் படிவத்தில் இல்லாத கட்டம்.

வக்கீலுக்குக் காசு: வருமானம் பார்க்காமல் எல்லாப் பெண்களுக்கும் இலவச சட்ட உதவி உண்டு. சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் எண் 15100. பெண்கள் உதவிக்கு 181.

உத்தரவு வந்ததும்: நகல் இலவசம். போலீஸ் ஸ்டேஷனுக்கும் ஒரு நகல் போக வேண்டும் (பிரிவு 24). போனதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மீறினால் அப்போது அது போலீஸ் நேரடியாக நடவடிக்கை எடுக்கக்கூடிய குற்றம்.

கடைசியாக

அந்தத் தேதித் தாளை அக்காவுடைய அம்மாதான் எழுதினார். பள்ளிக்கூடம் போகாதவர். 1990களின் ஆரம்பத்தில், ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்த காலத்தில், எங்கள் மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. தெருவிளக்குக்குக் கீழே எழுத்துக் கற்றுக்கொண்டார்கள், பெண்கள் கூட்டம் கூட்டமாகச் சைக்கிள் ஓட்டினார்கள். நான் அப்போது சின்னப் பையன். பெரியம்மா விழுந்து விழுந்து சைக்கிள் பழகியதைப் பார்த்துச் சிரித்த கூட்டத்தில் நானும் உண்டு. அன்று கற்ற எழுத்தில், மகள் சொல்லச் சொல்ல, நான்கு பக்கம். "தீபாவளிக்கு மறுநாள் தோசைக்கரண்டியால் அடிச்சார்" என்று அதில் ஒரு வரி. எந்தச் சட்டப்பிரிவும் அதை அவ்வளவு தெளிவாகச் சொல்லாது. இலவச உதவியில் கிடைத்த வக்கீலம்மா அதை ஒரு எழுத்து மாற்றாமல் மனுவோடு இணைத்தார்.

இடைக்கால உத்தரவு கிடைத்தது. கடைக்கு வரக்கூடாது, போன் பண்ணக்கூடாது. வீட்டுக்காரர் ஜெயிலுக்குப் போகவில்லை, வேலையும் போகவில்லை. அக்கா நகலை லேமினேட் செய்து கடைக் கல்லாவுக்குள் வைத்திருக்கிறார். "இன்னும் எடுத்துக் காட்டுற வேலை வரலப்பா" என்றார் போன வாரம்.

படிவம் 2-ஐ எளிய தமிழில், நடந்ததை எழுத ஒரு பக்கம் விட்டு, நானே ஒரு மாதிரி எழுதிக்கொண்டிருக்கிறேன். அடுத்த பதிவில் போடுகிறேன். வக்கீல் நண்பர்கள் யாராவது படித்தால், நான் சட்டத்தைத் தப்பாகப் புரிந்துகொண்ட இடத்தைச் சொல்லுங்கள், திருத்திவிடுகிறேன்.